காலியான முழு நாள் இடம்

பாபநாசத்தில் என் வீட்டிலேயே நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். வேலைக்குப் போகிற அம்மாக்கள் காலையில் விட்டுவிட்டுப் போவார்கள். ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. இருப்பது ஒரு கூடம், தூளி கட்ட மூன்று கொக்கி, எனக்கு இரண்டு கை. "ஒண்ணு கூட வந்தா என்னக்கா, அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடக்கும்" என்பார்கள். பிள்ளை என்ன நெல்லு மூட்டையா, மூலையில் கிடக்க?

மூன்று பேர் முழு நாள், ஒருவர் அரை நாள். இதுதான் என் கணக்கு. அரை நாள் என்றால் பாதி வேலை என்று ஊரில் நினைப்பு. மற்றவர்களுக்குச் சோறூட்டி, தூளியில் போட்டு, அப்பாடா என்று நான் காலை நீட்டும்போதுதான் அரை நாள் பிள்ளையை அழைத்துப்போக வண்டி வந்து ஹாரன் அடிக்கும். மூன்றும் முழித்துக்கொண்டு அழும். இரண்டு அரை நாள் பிள்ளைகளை வைத்துச் சமாளிக்க என்னால் ஆகாது.

முழு நாள் பிள்ளைகளுக்குத்தான் தூளி. அதற்கு அவரவர் அம்மா கட்டிப் பழசான புடவையைக் கேட்டு வாங்கிவிடுவேன். என் புடவையில் போட்டால் தூங்காது, அம்மா வாசனை வேண்டும்.

அந்த மூன்று பேரில் அவன் ஒருவன். சரியான வாயாடி. சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, விழுங்காமல் அரை மணி நேரம் என்னிடம் கதையளப்பான். அவன் அம்மா ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருந்தாள். அவள் கொடுத்தது பச்சைப் புடவை, அரக்குக் கரை.

ஆற்றில் தண்ணீர் விட்டு, வாய்க்காலெல்லாம் நிரம்பி ஓடிய வாரம் அது. ஞாயிற்றுக்கிழமை எனக்கும் லீவு, அவளுக்கும் லீவு. வீட்டில் அவள் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவன் உள்ளே டி.வி. பார்க்கிறான் என்று நினைத்திருக்கிறாள். கொல்லைக்கு அந்தப் பக்கம் வாய்க்கால். இரண்டு வயல் தள்ளி, மதகில்தான் அவனை எடுத்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய அன்று சாயங்காலம், வழக்கமாக அவனை அழைத்துப்போகிற நேரத்துக்கு, அவள் ஸ்கூட்டி என் வாசலில் வந்து நின்றது. அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பழக்கத்துல வந்துட்டேன்க்கா."

"அதனாலென்னம்மா, உள்ள வா. டீ போடறேன்."

மறுநாளும் வந்தாள். அதற்கு அடுத்த நாளும் வந்தாள். பழக்கத்தில் வந்தேன் என்று பிறகு சொல்லவில்லை. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து பச்சைத் தூளியையே பார்ப்பாள். அழமாட்டாள், அதைத் தொடவும் மாட்டாள். பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்பாள். இருட்டுகிற நேரத்தில் எழுந்து போவாள்.

அதனால் அந்தத் தூளியை என்னால் அவிழ்க்க முடியவில்லை. அவன் தூங்கும்போது மற்ற பிள்ளைகளைச் சத்தம் போடக் கூடாதென்று மிரட்டி வைத்திருந்தேன். அவர்கள் அதை மறக்கவில்லை. பச்சைத் தூளிப் பக்கம் போனால் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு பூனை மாதிரி நடந்தார்கள். அரை நாளுக்கு வருகிற பாப்பா ஒருநாள் எட்டி உள்ளே பார்த்துவிட்டு, "தூங்குறான்" என்றது. சட்டென்று அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். கரண்ட் போய் ஃபேன் நின்ற ஒரு மத்தியானம் கொக்கி கிறீச்சென்றது. அடுப்படியில் இருந்தேன். திரும்பிப் பார்க்கவே இல்லை.

எதிர்வீட்டம்மா, "வெறுந்தூளி ஆடக் கூடாது, மத்த புள்ளைங்களுக்கு ஆகாது, அவுத்துப் போடு" என்றாள். "உங்க வேலையைப் பாருங்க" என்று கதவைச் சாத்தினேன். சாத்திவிட்டு நானும் அதையே நினைத்துப் பயந்தேன்.

அப்போதுதான் பாப்பாவின் அம்மா வந்தாள். திருவாரூர் பக்கத்திலிருந்து வந்து வாடகைக்கு இருப்பவள், ஊரில் யாரையும் தெரியாது. புருஷன் விட்டுப் போய்விட்டான். கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் முழு நாள் வேலை கிடைத்திருந்தது.

"திங்கக்கிழமையே வரச் சொல்றாங்கக்கா. இல்லேன்னா வேற ஆளாம். பாப்பாவ முழு நாளும் வச்சுக்குவீங்களா?"

இடம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இடம் எதிரிலேயே பச்சையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருத்தி உட்கார்ந்து பார்ப்பதற்காக இன்னொருத்தியின் பிழைப்பைக் கெடுப்பதா? அதை அவிழ்த்தால் அவன் அம்மா என்ன ஆவாள்? இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் சரி என்றேன். அவன் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லத் தைரியம் வரவில்லை.

திங்கள் காலை புடவையை அவிழ்த்து மடித்தேன். அவன் எச்சில் காய்ந்த கறை ஒன்று அதில் இருந்தது. துவைக்காமல் அப்படியே பையில் வைத்தேன். அந்தக் கொக்கியில் பாப்பாவின் அம்மா கொடுத்த நீலப் புடவையைக் கட்டினேன்.

சாயங்காலம் ஸ்கூட்டி வந்தது. அவள் உள்ளே வந்து கொக்கியைப் பார்த்தாள். பாப்பா தூளிக்குள் காலை உதைத்துக்கொண்டிருந்தது.

"மாத்திட்டீங்களாக்கா."

"ஆமாம்மா." பையைக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டாள், திறக்கவில்லை. சிணுங்கிய பாப்பாவை ஒரு கையால் ஆட்டிவிட்டாள். அந்தக் கொக்கியின் தூளியை அவள் தொட்டது அன்றுதான்.

பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாகப் பாப்பாவின் அம்மா வந்தாள். முதல் நாள் வேலை முடிந்த சந்தோஷம் முகமெல்லாம் தெரிந்தது. பாப்பாவைத் தூக்கி மாற்றி மாற்றி முத்தம் கொடுத்தாள். நாற்காலியில் இருந்தவளையும் என்னிடம் பிள்ளையை விடுகிற ஒருத்தி என்றே நினைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஞாயித்துக்கிழமையும் இங்கயே விட்டுடுங்க" என்றாள் அவன் அம்மா.

"ஐயோ, வாரத்துல அந்த ஒரு நாள்தாங்க. அன்னிக்காவது எங்கூட இருக்கட்டுமே."

அவன் அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நானும் அப்படித்தாங்க நெனச்சேன்."