கையை மடியில் வை

எதிர்வீட்டில் ஒரு கட்டில் வந்து இறங்கினால் செல்வம்மாளுக்கு ஏன் வயிறு எரிய வேண்டும்? எரிந்தது, அவ்வளவுதான். தலைமாட்டைத் திருகினால் மேலே எழும்புகிற இரும்புக் கட்டில். குரும்பலூரில் அந்தத் தெருவே கூடி நின்று ஆளாளுக்குத் திருகிப் பார்த்தது. செல்வம்மாள் மட்டும் பாத்திரம் விளக்குகிற சாக்கில் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

கட்டில் பாக்யலட்சுமியின் மகள் வினோதினிக்கு. பிறந்ததிலிருந்து படுக்கைதான், கழுத்து நிற்காது. அந்தப் பிள்ளைக்கு அரசாங்கம் மாதாமாதம் பராமரிப்பு உதவித்தொகை கொடுக்கிறது. அதோடு, எந்நேரமும் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறவள் என்று தாய்க்கும் தனியாக ஒரு தொகை. இந்த இரண்டாவது தொகைதான் செல்வம்மாளைத் தூங்கவிடாமல் பண்ணியது. நான் மட்டும் ஊர் சுற்றிக்கொண்டா இருக்கிறேன், நானும் கூடவேதானே கிடக்கிறேன் என்று பொருமிப் பொருமியே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் பொருமலிலும் நியாயம் உண்டு. மகன் பிரேம்குமாருக்குப் பதினெட்டு வயசு. உடம்பு தென்னம்பிள்ளையாட்டம் வளர்ந்துவிட்டது, புத்தி மூன்று வயசோடு நின்றுவிட்டது. நடப்பான், ஓடுவான், அதுதான் வம்பே. போன வருஷம் இவள் சின்ன வெங்காயம் பிடுங்கப் போயிருந்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு போய் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டான். பஸ் டிரைவர் இறங்கி வந்து வண்டை வண்டையாகத் திட்டினார். அன்றோடு கூலிவேலைக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

கணவன் தங்கராசு அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான். வாரத்துக்கு ஒருநாள் வருவான். ஒரே சம்பளத்தில் குடும்பம் ஓடவில்லை என்று பார்த்தவன், தீபாவளிக்கு வந்தபோது முகத்தைப் பார்க்காமலேயே சொல்லிவிட்டான். "உதவித்தொகை கெடச்சா பாரு. இல்லன்னா தை மாசம் பையன திருச்சியில ஒரு ஹோம்ல விட்டுருவோம். நீ வேலைக்குப் போ."

ஹோம் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் பையனை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். அம்மா பக்கத்தில் படுக்காவிட்டால் கண்ணை மூடாத பிள்ளை அவன்.

இத்தனைக்கும் முன்னமே ஒருமுறை பெரம்பலூரில் இந்த உதவித்தொகைக்கான மருத்துவ முகாமுக்குப் போய்விட்டு வந்தவள்தான். போனவள் சும்மா போனாளா? பையனைத் தேய்த்துக் குளிப்பாட்டி, புதுச்சட்டை போட்டு, பவுடர் பூசி, திருநீறு வைத்து, பொண்ணு பார்க்கக் கூட்டிப்போகிற மாதிரி அல்லவா கூட்டிப்போனாள். டாக்டர் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினார். பிரேம் பிரித்தான், தின்றான், வாயைத் துடைத்தான், காகிதத்தைக் குப்பைக்கூடையில்கூடப் போட்டான். கையைப் பிடித்துப் பிடித்து, பிசைந்த சோற்றை அள்ள வைத்து, அவள் இரண்டு வருஷம் மல்லுக்கட்டிச் சொல்லிக்கொடுத்தது. "அருமையா வளத்திருக்கம்மா, இவன் வேலைய இவனே பாத்துக்குறானே," என்றார் டாக்டர். பூரித்துப்போய் வரிசையில் நின்றவர்களையெல்லாம் திரும்பிப் பார்த்தாள், பைத்தியக்காரி. சான்றிதழில் ஊனத்தின் சதவீதம் குறைந்துபோனது. தொகை கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் எதிர்வீட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வந்த நினைப்பை வெளியே சொல்ல முடியாது. வினோதினியின் நிற்காத கழுத்தைப் பார்த்தே பொறாமைப்பட்டாள். ஒரு தாய் இதற்கும் கீழே இறங்க முடியுமா? இறங்கினாள்.

மறுபடியும் மனுக்கொடுத்து, முகாமுக்கு நாள் குறித்து வந்ததும் வேலையை ஆரம்பித்தாள். தட்டில் சோற்றைப் போட்டு பிரேமுக்கு முன்னால் வைப்பாள். அவன் கை நீளும். "கைய மடியில வை," என்று பட்டென்று தட்டுவாள். பிறகு அவளே ஊட்டுவாள். முதல்நாள் அவன் ஒன்றும் புரியாமல் அவளையே பார்த்தான். ஒரு வாரம் போவதற்குள் கை எழும்பவே இல்லை.

இந்த முறை பழைய சட்டை, பொத்தானை மாற்றிப் போட்டுக் கூட்டிப்போனாள். புது டாக்டரம்மா மேசையில் பிஸ்கட்டை வைத்தார். பிரேம் பிஸ்கட்டைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தான். ஊட்டித்தான் விட வேண்டுமா என்று டாக்டரம்மா கேட்டார். ஆமாங்க, எல்லாமே நான்தாங்க என்றாள் செல்வம்மாள், நாக்கு கொஞ்சமும் குழறாமல்.

தொகை வந்தது. தாய்க்கு உள்ளதும் சேர்ந்து வந்தது. தங்கராசு ஹோம் பேச்சையே விட்டான். செல்வம்மாள் கேசரி கிண்டி முதல் கிண்ணத்தை பாக்யலட்சுமிக்குத்தான் கொண்டுபோனாள், அவள் மூஞ்சி சுருங்குவதைப் பார்க்க வேண்டும் என்ற ஒரே ஆசையில். சுருங்கவில்லை. "எனக்கு வந்தாப்ல இருக்குக்கா," என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெருந்தன்மையும் செல்வம்மாளுக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது.

அன்று மத்தியானம் தட்டை வைத்து, இனிமேல் நீயே சாப்பிடு சாமி என்றாள். பிரேம் கையை மடியில் வைத்தான். கையை இழுத்துச் சோற்றில் வைத்தாள். கையை மறுபடி மடிக்கே எடுத்துக்கொண்டான். கெஞ்சினாள், கத்தினாள். பசித்தால் தின்பான் என்று ஒருநாள் பொழுது சாயும்வரை விட்டும் பார்த்தாள். சோறு காய்ந்ததுதான் மிச்சம். அவன் வாயைத் திறந்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான்.

தை பிறந்த பிறகு ஒருநாள் பாக்யலட்சுமி குழம்புக் கிண்ணத்தோடு வந்தவள், செல்வம்மாள் ஊட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள். புள்ளைக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். மறந்துட்டான் என்றாள் செல்வம்மாள், நிமிராமல்.

பாக்யலட்சுமி கிண்ணத்தை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"தப்பா நெனக்காதீங்கக்கா. எங்க வூட்டு ஜன்னல்லேர்ந்து இவன் சாப்புடுறதத்தான் தெனமும் பாத்துட்டு நிப்பேன். வயிறு எரியும். எம்பொண்ணு ஒரே ஒரு வாய் தானா அள்ளித் தின்னா, வர்ற பணத்தையெல்லாம் திருப்பிக் குடுத்துரலாம்னு தோணும்."

செல்வம்மாள் தட்டில் மிச்சமிருந்த சோற்றைப் பிசைந்தாள். பிரேம்குமார் மென்றதை விழுங்கிவிட்டு பாக்யலட்சுமியைப் பார்த்தான். வெளியாள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் கையை இன்னும் அழுத்தி மடியில் வைத்துக்கொண்டு, சரியாகச் செய்கிறேனா என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தான்.