லேசர் அறைக்கு ஒரு நிலைக்கண்ணாடி

தலைக்கு மேல் வேலை கிடக்கிறது என்று யாராவது அலுத்துக்கொண்டால் கத்திரியக்காவுக்குச் சிரிப்பு வரும். அவளுக்குப் பிழைப்பே அதுதான். மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவே, பெண்களுக்கு முடி வெட்டி, சாயம் பூசி, அலசி உலர்த்தி அனுப்பும் சின்னக் கடை அவளுடையது. இரண்டு நாற்காலி, இரண்டு கண்ணாடி. ஒன்று அவளுக்கு, இன்னொன்று கூடமாட வேலை செய்யும் நாத்தனாருக்கு. யாரிடம் பேசினாலும் கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசுவாள். பின்னால் நின்று வேலை செய்கிறவளுக்கு, உட்கார்ந்திருப்பவரின் முகம் அங்கேதானே இருக்கிறது? அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. புருஷனோடு சண்டை போடுவதுகூட பீரோக் கண்ணாடியைப் பார்த்துத்தான். அவரும் பீரோவுக்கே பதில் சொல்லப் பழகிவிட்டார்.

அப்படிப்பட்டவளின் வலது தோள் மக்கர் பண்ண ஆரம்பித்தது. வருஷக்கணக்காக டிரையரைத் தூக்கிப் பிடித்த கை. முதலில் சுளுக்கு என்று தைலம் தேய்த்துப் பார்த்தாள். பிறகு கை காதுக்கு மேலே போக மறுத்தது. ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் உயிர் போனது. தோள் மூட்டு இறுகிப்போயிருக்கிறது, சரியாக மாதக்கணக்கில் ஆகலாம் என்றார் டாக்டர். நாத்தனார் நன்றாக வெட்டுவாள், ஆனால் சாயம் என்றால் கை நடுங்கும். வந்தவர்கள் "அக்கா எப்ப வருவாங்க?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். கை இப்படியே நின்றுவிட்டால் கடையை யாருக்காவது விட்டுவிட வேண்டியதுதான். அந்த நினைப்பு வந்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஊர்த் தலைக்கெல்லாம் சீப்புப் போட்டவள் தன் தலையை வார முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த வேலையைப் புருஷன் எடுத்துக்கொண்டார். அவர் வெல்டர். காய்த்துப்போன விரல்கள். காலையில் அவளை வாசல்படியில் உட்காரவைத்து, பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கேபிள் முறுக்குவது போல முறுக்குவார்.

"பின்னுறீங்களா, பத்த வைக்கிறீங்களா?" என்பாள்.

"அவுந்து விழாதுல்ல? அதப் பாரு."

ஒரு வாடிக்கையாளர் சொல்லித்தான் லேசர் வைத்தியம் பற்றித் தெரிந்தது. பிசியோதெரபி நிலையத்தில் அதற்கென்று தனி அறை. வெறும் வெள்ளைச் சுவர், ஒரு கட்டில், சக்கரம் வைத்த ஒரு மெஷின். சிகிச்சை கொடுக்கிற பெண் சாந்தமாகப் பேசுவாள்.

"வளையல், வாட்ச் எல்லாம் வெளியிலயே கழட்டி வச்சிட்டு வாங்கக்கா" என்று சொல்லி, கண்ணை முழுசாக மூடுகிற பச்சைக் கண்ணாடியை மாட்டிவிட்டாள். தானும் ஒன்று மாட்டிக்கொண்டாள். தோளில் சிவப்பாக ஒரு புள்ளி விழுந்தது.

"இதுதான் மருந்தா?"

"இல்லக்கா, அது எங்க படுதுன்னு நான் பாக்குறதுக்கு. வேலை செய்ற வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. இளஞ்சூடு மட்டும் தெரியும்."

"வெளிச்சம்ங்கிற, தெரியாதுங்கிற. நல்ல கதையா இருக்கே."

"இன்னொண்ணும் சொல்லிடறேன். இது வலியத்தான் குறைக்கும், அதுவும் எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்காது. கையத் தூக்க வைக்கப்போறது நீங்க செய்ற பயிற்சிதான்."

பெரிதாக அளந்துவிடாமல் உள்ளதைச் சொன்னது அக்காவுக்குப் பிடித்திருந்தது. புருஷனுக்குத்தான் ஆச்சரியம் தாங்கவில்லை. "நானும் கண்ணுக்கு மறைப்பு போட்டுக்கிட்டு வெளிச்சத்தோடதான் மாரடிக்கிறேன். என் வெளிச்சம் பட்டா தோல் உரியுது. அவங்க வெளிச்சம் பட்டா வலி போகுமாம்."

முதல் சில தடவை ஒன்றும் தெரியவில்லை. காசைக் கரியாக்குகிறோமோ என்றுகூட நினைத்தாள். ஒரு நாள் காலையில் கண் விழித்தபோது வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இரவு முழுக்க வலி எழுப்பவே இல்லை. அப்படியே அசையாமல் கிடந்து, அந்தப் பெண்ணை மனசார வாழ்த்தினாள்.

வாழ்த்தினால் போதுமா? ஏதாவது செய்யாமல் அவளுக்கு மனசு ஆறவில்லை. அந்த மொட்டை அறைதான் நினைவுக்கு வந்தது. பாவம், நாள் முழுக்க வேலை பார்க்கிற இடத்தில் கண்ணாடி என்று ஒரு துண்டுகூட இல்லை. கண்ணாடி இல்லாமல் எப்படி வேலை ஓடும்? ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்றை வாங்கி, போர்வை சுற்றி, புருஷன் தலையில் ஏற்றிக் கொண்டுபோய் லேசர் அறை வாசலில் இறக்கிவிட்டாள்.

போர்வையை விலக்கியதும் அந்தப் பெண்ணுக்கு முகம் மாறிவிட்டது.

"அக்கா, இந்த ரூமுக்குள்ள கண்ணாடியே வரக் கூடாது. லேசர் அதுல பட்டுத் திரும்பி யார் கண்ணுல அடிச்சாலும் பார்வை போயிடும். வளையலக் கழட்டச் சொல்றதே அதுக்குத்தான்."

அக்காவுக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. புருஷன் தலையைச் சொறிந்தார். "கண்ணப் பொத்திக்கிட்டே வேலை பாக்குறவன் நான். எனக்காவது உறைச்சிருக்கணும்."

அவர்கள் முகத்தைப் பார்த்த அந்தப் பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை. "பயிற்சி ரூம்ல மாட்டிடலாம். ரொம்ப நாளா அங்க ஒண்ணு கேட்டுக்கிட்டிருந்தேன், நிஜமாவே" என்றாள். புருஷன் அன்றைக்கே சுவரில் துளை போட்டு மாட்டிக் கொடுத்தார்.

அடுத்த தடவை லேசர் முடிந்ததும் அக்காவை அந்தக் கண்ணாடி முன்னால் நிறுத்தினார்கள். "மெதுவாத் தூக்குங்க. தோளக் காதுகிட்ட கொண்டு போகாதீங்க, கண்ணாடியப் பாத்துக்கிட்டே பண்ணுங்க."

தூக்கினாள். காது வரைக்கும் வந்தது. அதற்கு மேல் இழுத்துப் பிடித்தது. அப்போதுதான் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். பெஞ்சில், பட்டறையிலிருந்து அப்படியே வந்திருந்த புருஷன், தன் வலது கையையும் அவளோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டிருந்தார். தூக்குகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. அவள் கை நின்ற இடத்தில் அவர் கையும் நின்றது. அவள் பல்லைக் கடித்தபோது அவரும் கடித்தார்.

வாசல்படியில் கண்ணாடி கிடையாது. இத்தனை மாதமாகத் தலை பின்னியபோதெல்லாம் முதுகுக்குப் பின்னால் இந்த முகம்தான் இருந்திருக்கிறது, பார்க்காமல் கேலி பண்ணிக்கொண்டிருந்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. அந்த முகத்தையே பார்த்தபடி கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். விரல் உச்சந்தலையைத் தொட்டது. பெஞ்சில் இருந்தவரின் கையும் அவருடைய வழுக்கையில் போய் உட்கார்ந்தது.

மேலும் சில வாரப் பயிற்சியில் பழையபடி கடைக்குப் போகலாம் என்று ஆயிற்று. கடைக்குக் கிளம்பும் நாள் காலையில் புருஷன் வழக்கம்போல் சீப்போடு வாசலுக்கு வந்தார். அவளை அங்கே காணோம். உள்ளே பீரோ முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இனி நீயே பின்னிக்கலாமே."

"பின்னிக்கலாம். இன்னிக்கு நீங்க பின்னுங்க."

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல."

அவர் பின்ன ஆரம்பித்தார். பாதிப் பின்னலில் அவள் கண்ணாடியை விட்டுவிட்டு, உடம்போடு திரும்பி, நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க இல்லன்னா நான் அப்பவே கடைய மூடிட்டு உக்காந்திருப்பேன்."

இத்தனை வருஷத்தில் இப்படி நேருக்கு நேர் அவள் பேசியதில்லை. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அவர் பீரோவைப் பார்த்துச் சொன்னார்.

"தலைய ஆட்டாம உக்காரு."