குறி இல்லாத புழு

இப்போதும் சொல்கிறேன், அன்று நான் செய்தது தப்பே இல்லை.

அப்போது ஐந்தாம் வகுப்பு. எங்கள் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்த வருஷம். எத்தனை மருந்தடித்தும் குருத்துக் குருத்தாகத் தின்று தீர்த்தது. விவசாய ஆபீஸிலிருந்து வந்தவர், புழுவின் தலையில் தலைகீழாக ஆங்கில ஒய் எழுத்து இருக்கும், அதுதான் அடையாளம் என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியவர்கள் தலையாட்டினார்கள். நான் ஒருத்திதான் குனிந்து ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் குறி இல்லை. அதை ஊறுகாய் பாட்டிலில் போட்டு, மூடியில் ஓட்டை குத்தி வளர்த்தேன்.

அப்பா பார்த்துவிட்டார். "ஏட்டி, சோளத்தத் திங்கிறது எல்லாம் ஒண்ணுதான். நசுக்கிப் போடு."

"இது வேறப்பா. ஒண்ணே ஒண்ணு தின்னா காடு காலியாயிருமா?"

மருந்துக்கு மசியாததை எங்கள் பக்கத்தில் சங்கரன்கோவிலுக்குத்தான் கொண்டுபோவார்கள். பாம்பு, தேள் தொல்லை தீர, அதன் உருவம் பதித்த தகட்டை வாங்கி உண்டியலில் போடுவது வழக்கம். கடையில் புழு இல்லை. அப்பா பூரானை வாங்கினார். கால்களைச் சாமி கணக்கில் எடுக்காது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பிள்ளை கையால் போட்டால் பலிக்கும் என்று என்னிடம் கொடுத்தார்.

உண்டியல் முன்னால் என் கை திறக்கவில்லை. சாமி என்ன, தலையைப் பார்த்துப் பிரித்தா கொல்லும்?

"போடு மக்கா."

"போடமாட்டேன். போட்டா எம் புழுவும் செத்துரும்."

பின்னால் வரிசை நின்றுவிட்டது. ஓர் அம்மாள், "சின்னப் புள்ளைக்கு இம்புட்டு அழும்பா? கையப் பிரிச்சுப் போடுங்க அண்ணாச்சி," என்றாள். எனக்கு அழுகை முட்டியது. ஆனாலும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அப்பா என் முகத்தையே பார்த்தார். பிறகு தகட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "வா, பஸ்ஸு போயிரும்," என்றார்.

சோளம் போயிற்று. அறுக்க ஒன்றும் இல்லாமல் டிராக்டர் விட்டு உழுதார்கள். அந்த வாரமே பாட்டிலில் அந்துப்பூச்சி வந்தது. வெளிர்பச்சைச் சிறகு, ஓரத்தில் ரோஸ் நிறம். சோளத்தில் அப்படி ஒன்று கிடையாது என்கிறார், கல்லூரியில் எனக்குப் பூச்சியியல் நடத்துகிறவர். இருந்தது என்கிறேன் நான்.

அன்று அதைப் பறக்கவிட்டு, ஜெயித்துவிட்டேன் என்று வீடு முழுக்கக் குதித்தேன். அப்பாவுக்கு வேண்டுதலில் பெரிய நம்பிக்கை கிடையாது, அதனால்தான் விட்டுவிட்டார் என்றே நினைத்தேன். ஆனால் கோவிலுக்கு அவர் ஊரிலிருந்தே செருப்பில்லாமல் வந்திருந்தார். அந்தத் தகட்டைப் போட்டால் பயிர் பிழைத்துவிடும் என்று முழுசாக நம்பினார். நம்பிக்கொண்டேதான் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.