கொட்டாத தேனீயும் என் கொழுப்பும்

முதலில் வந்தது ஏப்பம். எண்பத்தைந்தாம் வருசக் கோடையில், தர்மபுரி புளி மண்டியில் மூட்டையை எடை போடக் குனிந்தபோதெல்லாம் வந்தது. கூடவே நெஞ்சில் ஒரு இறுக்கம். நாள் முழுக்கப் புளிக்கு நடுவில் நிற்பவனுக்குப் புளித்த ஏப்பம் வராமல் வேறென்ன வரும் என்று நானே வைத்தியனாகிச் சிரித்துக்கொண்டேன்.

மனைவி ஆரோக்கியமேரி சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். ஈ.சி.ஜி. (இதயத்துடிப்பைக் கோடாக வரையும் சோதனை) எடுத்தார்கள். ரத்தத்தைச் சேலத்துக்கு அனுப்பினார்கள். கொலஸ்ட்ரால் (ரத்தக்குழாயில் படியும் கொழுப்பு) கூடியிருந்தது. நெஞ்சில் வந்தது ஆஞ்சைனா (இதயத்துக்குப் போதிய ரத்தம் போகாததால் வரும் வலி).

"உங்களுக்குக் கொழுப்பு அதிகமுங்க," என்றார் டாக்டர்.

"அது எனக்குக் கல்யாணமான வருசமே தெரியுமுங்க," என்றாள் மேரி. சொன்னவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நெஞ்சுக்கு அவர் கொடுத்த மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கின. சாப்பிட்டாலும் எரிச்சல், சாப்பிடாவிட்டாலும் எரிச்சல். அப்போதுதான் மேரியின் தம்பி சவரி கொசுத்தேன் கொண்டுவந்தான். சுவர்ப் பொந்தில் கூடு கட்டும், கொசு அளவேயான தேனீயின் தேன். லேசாகப் புளிக்கும். அந்தத் தேனீ கொட்டாது என்றான். அதற்குத்தான் உன் அக்கா இருக்கிறாளே என்றேன்.

"மாமா, இது வவுத்தையும் ஆத்தும், கொழுப்பையும் கரைக்கும். ஆனா இங்கிலீசு மருந்தோட சேரக் கூடாதுங்க. ரெண்டும் உள்ளாற சண்ட போட்டுக்கும். பத்தியம் முக்கியம்."

புளி, காரம், கறி விட்டேன். மாத்திரையையும் விட்டேன். எங்கள் பக்கம் பத்தியம் என்றால் அப்படித்தான். ஒரு மருந்து உள்ளே வந்தால் இன்னொன்று வெளியே போக வேண்டும்.

வயிறு ஆறியது, பொய் சொல்லவில்லை. ஏப்பம் நின்றது. மலச்சிக்கல் போனது. களி செரித்தது. வயிறு தேறியதால் நெஞ்சும் தேறிவிட்டது என்று நம்பினேன்.

ஐப்பசி மழையில், மண்டியிலேயே மாரடைப்பு. தராசுத் தட்டின் மேலேயே விழுந்தேன். நல்லவர்கள், என் எடையை யாரும் சொல்லிக் காட்டவில்லை.

"தேன் சாப்பிட்டது இருக்கட்டும். மாத்திரைய எதுக்குங்க நிறுத்துனீங்க?" என்றார் டாக்டர், ஆஸ்பத்திரியில் நான் கண் திறந்ததும்.

"பத்தியமுங்க."

டாக்டர் என்னை விட்டுவிட்டு மேரியைப் பார்த்தார். "இதயத் தசையில ஒரு பக்கம் செத்துப்போச்சும்மா. அது திரும்ப வளராது."

சவரி வார்டு வாசலிலேயே நின்றான். "வவுறு நல்லா இருக்குதுடா," என்று கூப்பிட்டுச் சொன்னேன். அதற்குத்தான் அவன் அழுதான்.

அந்தத் தேன் என் கொழுப்பைக் கரைத்ததா, தெரியாது. டாக்டரும் தெரியாது என்றுதான் சொன்னார். நீங்கள் சாப்பிடுவதானால் அவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். மாத்திரையை மட்டும் பட்டினி போடாதீர்கள்.

இப்போது என் வயிற்றுக்கு ஒரு வயது, நெஞ்சுக்கு வேறு வயது. மூட்டை தூக்குவதில்லை. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு நான் விறுவிறுவென்று நடக்க, மேரி பின்னால் ஓடிவருவாள். இப்போது அவள் முன்னால் போய், மேட்டில் நின்று புடவைத் தலைப்பைச் சரிசெய்கிறாள். நான் போய்ச் சேரும்வரை அது சரியாவதே இல்லை.