கல்ஃபானின் மெஷின் சொன்ன கியர்பாக்ஸ்

பாலைவன ஓரத்து ஊரான பிதியாவில் யாருடைய வண்டி முனகினாலும் கல்ஃபானின் பட்டறைக்குத்தான் வரும். மணல் தொடங்கும் இடத்திலேயே பட்டறை. கோளாறு காட்டும் உள்ளங்கை அகல மெஷின் ஒன்றை ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகுவார். திரையில் எழுத்தும் எண்ணுமாக ஏதோ ஒன்று விழும். "மெஷின் சொல்லிடுச்சு" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது. "இல்லப்பா, சத்தம் சக்கரத்துலேர்ந்து வருது" என்று எவனாவது வாயைத் திறந்தால் மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இத்தனைக்கும் ஆள் நல்லவர். மணலுக்குள் போகும்போது சக்கரம் புதையாமலிருக்க டயரில் காற்றை இறக்கிவிட்டுப் போகிறவர்கள் திரும்பி வந்தால், காசு வாங்காமல் காற்று பிடித்துக் கொடுப்பார்.

அவர் மனைவி ஜோகாவுக்கு மணலுக்குள் இருக்கும் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். "போகட்டுமே, படிச்சவ" என்று ஊரெல்லாம் பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார் கல்ஃபான். மனசுக்குள் ஓடிய கணக்கு வேறு. விருந்தாளி வந்தால் கஹ்வா காபி யார் போடுவது? மத்தியானச் சோறு யார் வைப்பது? இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னால் மரியாதையாகவா இருக்கும்?

வெள்ளிக்கிழமை வழி பழக இருவரும் மணலுக்குள் போய்த் திரும்பினார்கள். சனிக்கிழமை காலையில் கடைக்கென்று வண்டியை எடுத்த ஜோகா பாதியிலேயே திரும்பி வந்தாள்.

"அபூ மாஜித், மஞ்ச விளக்கு எரியுது. வண்டி இழுக்கவே மாட்டேங்குது. என்னன்னு பாருங்க," என்றாள். மகன் பெயரைச் சேர்த்து 'மாஜிதின் அப்பா' என்றுதான் புருஷனைக் கூப்பிடுவாள்.

மெஷினைச் சொருகினார். பி 0730 என்று விழுந்தது. கியர்களின் சுழற்சிக் கணக்கு ஒத்துவரவில்லை என்று அதற்கு அர்த்தம்.

"கியர்பாக்ஸ் போச்சு," என்றார் கல்ஃபான், முகத்தை முடிந்த மட்டும் துக்கமாக வைத்துக்கொண்டு.

"நேத்து நல்லாத்தானே ஓடிச்சு?"

"நேத்து ஓடிச்சு, இன்னிக்குப் போச்சு. மெஷின் சொல்லிடுச்சு. மஸ்கட்லேர்ந்து வேற வரணும். பட்டறை வண்டியும் மணல்ல ஏறாது. நம்ம நேரம், என்ன செய்ய?"

பக்கத்துக் கடை சுவைத் வந்து எட்டிப் பார்த்து 'அடடா' என்று தலையாட்டிவிட்டுப் போனார். மதியத்துக்குள் ஊருக்கே கியர்பாக்ஸ் சேதி தெரிந்துவிட்டது.

சாயங்காலம் வண்டியை நிழலுக்குத் தள்ளப் போன கல்ஃபான் பின் டயரைப் பார்த்து அப்படியே குந்திவிட்டார். முன்னால் இரண்டும் கெட்டியாக இருந்தன. பின்னால் இரண்டிலும் பாதிக் காற்றுகூட இல்லை.

வெள்ளிக்கிழமை நடந்தது அப்போதுதான் உறைத்தது. மணலிலிருந்து திரும்பி வந்து முன் டயர்களுக்குக் காற்றுப் பிடித்து முடித்ததும் சுவைத் கையைப் பிடித்து கஹ்வா குடிக்க இழுத்துப் போய்விட்டார். கூப்பிட்டவரிடம் 'இன்னும் இரண்டு டயர் இருக்கிறது' என்று சொல்கிற வழக்கம் பிதியாவில் இல்லை. போனவர் பின் டயர்களை மறந்தே போனார். அந்த ஊரில் பாதி வண்டி அமுங்கிய டயரோடுதான் நிற்கும், யார் கவனிப்பார்கள்? நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி அது. முன்னால் ஒரு வேகம், பின்னால் ஒரு வேகம் என்று சுற்றவும், கியர் வழுக்குகிறது என்று மெஷின் முடிவு கட்டிவிட்டது. கியர்பாக்ஸ் கல்லு மாதிரி இருக்கிறது! தலையில் அடித்துக்கொண்டார்.

சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால் மெஷினின் மானம் போகும், கூடவே ஜோகாவும் வேலைக்குப் போய்விடுவாள். இரண்டும் ஒரே நாளில் என்றால் யாரால் தாங்க முடியும்? உள்ளே போனார். ஜோகா கஹ்வாவும் பேரீச்சம்பழமும் வைத்தாள். குடித்தார், பழத்தைத் தின்றார், பேசாமல் படுத்துக்கொண்டார்.

விடிந்ததும் வாசலில் உஸ்ஸென்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், ஜோகா முன் டயர்களில் காற்றை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"மணலுக்குத்தானே போறேன்? நாலும் ஒரே அளவா இருந்தாப் போதும். மஞ்ச விளக்கையும் உங்க மெஷின வெச்சே அணைச்சுட்டேன்."

"ஜோகா... உனக்கு எப்ப தெரியும்?"

"நேத்து நீங்க டயர் பக்கத்துல குந்தி தலையில அடிச்சுக்கிட்டீங்களே, அப்ப. ஜன்னல்ல நின்னு பாத்தேன். உள்ள வந்து சொல்லுவீங்கன்னுதான் கஹ்வா போட்டேன்."

அவள் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவருக்கு. புத்தகப் பையை முன் சீட்டில் வைத்துவிட்டு, தடங்கலே இல்லாமல் கியர் மாற்றி மணலுக்குள் ஏறிப் போனாள்.

கடையைத் திறந்த சுவைத், வண்டி மணலில் ஏறுவதைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு வந்தார்.

"அடேயப்பா! ராத்திரியோட ராத்திரியா கியர்பாக்ஸைச் சரி பண்ணிட்டியே! எப்படிடா?"

"நான் பண்ணல. அதுல ஒரு கோளாறும் இல்ல. எனக்குத்தான் புத்தி இல்ல. ஜோகா சரி பண்ணிட்டுப் போறா."

சுவைத் அவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "தொழில் ரகசியத்தைச் சொல்ல மாட்டியே, கள்ளப்பயலே!"

மதியத்துக்குள் ஊரில் கெட்டுப்போன கியர்பாக்ஸ் எல்லாம் பட்டறை வாசலில் வரிசை கட்டி நின்றன.