அண்ணன் கொடுத்த காரின் சைலன்சர்

அண்ணன் புதுக் கார் வாங்கியபோது தன்னுடைய பழைய டீசல் காரை எனக்குக் கொடுத்தான். எனக்கு வீடு திண்டிவனத்தில், வேலை விழுப்புரத்தில், ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்தவளுக்கு அந்தக் கார் பெரிய ஆறுதல். "கம்பெனில இருந்து வந்த மாதிரியே வச்சிருக்கேம்மா. எவனையும் கை வைக்க வுட்டதில்ல" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தான்.

மூன்றாம் வருடம் மழைக்காலத்தில் கார் டிராக்டர் மாதிரி சத்தம் போட ஆரம்பித்தது. உள்ளே லேசாகப் புகை நாற்றமும் வந்தது. திண்டிவனம் புறவழிச் சாலையோரம் தகரக் கொட்டகையில் ஒருவர் மெக்கானிக் கடை வைத்திருந்தார். நாற்பது வயது இருக்கும், அதிகம் பேசாதவர். காரைக் குழிமேல் நிறுத்தச் சொல்லிக் கீழே இறங்கினார். ஸ்பானரால் தட்டுவதும் துரு பொலபொலவென்று உதிர்வதும் மேலே கேட்டது.

"சைலன்சர் மொத்தமும் அரிச்சுப் போச்சுக்கா. முன்னாடி பைப்புல இருந்து பின்னாடி வரைக்கும் மாத்திடணும்."

"ஒரு இடத்துலதானே ஓட்டை?"

"இன்னிக்கு ஒரு இடம். அதை அடைச்சா பக்கத்துல வுட்டுக்கும். வண்டிய வுட்டுட்டுப் போங்க, நாளைக்குச் சாயங்காலம் வந்து எடுத்துக்கங்க."

விட்டுவிட்டுப் போங்கள் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. போன வாரம்தான் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். சைலன்சருக்கு முன்னால் புகையைச் சுத்தம் செய்கிற கன்வெர்ட்டர் என்று ஒன்று இருக்கிறதாம். அதற்குள் விலை உயர்ந்த உலோகம் இருப்பதால், சில கடைகளில் அதை உருவிக்கொண்டு வெறும் கூட்டை மாட்டிவிடுவார்களாம். அது இல்லாவிட்டாலும் வண்டி ஓடும். நமக்குத் தெரியவே தெரியாது.

யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

மறுநாள் விழுப்புரத்தில் ஒரு வெல்டிங் கடையில் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். ஒரு தகரத் துண்டை ஓட்டைமேல் வைத்து, அரை மணி நேரத்தில் பற்ற வைத்துவிட்டார். "இதுக்குப் போய் மொத்தமா மாத்தச் சொன்னானா? உங்கள நல்லா ஏமாத்தப் பாத்திருக்கான் மேடம்" என்றார். அந்த வார்த்தை இனித்தது. நம் சந்தேகம் சரி என்று ஒருவர் சொல்லிவிட்டால், சொன்னவரைச் சந்தேகிக்கத் தோன்றுவதில்லை.

சத்தம் குறைந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டுக்கொண்டு ஓட்டினேன். தினமும் மாலையில் தலை வலித்தது. வேலைக் களைப்பு என்று மாத்திரை போட்டுக்கொண்டேன். பத்து நாள் இருக்கும், விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தபோது பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. என் கார் பாதி அடுத்த தடத்தில் போய்க்கொண்டிருந்தது. டோல்கேட்டைக் கடந்ததே எனக்கு நினைவில் இல்லை. ஓரமாக நிறுத்தி இறங்கினேன். வாந்தி வந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, காருக்கு அடியிலிருந்து, ஒட்டுப் போட்ட இடத்துக்குப் பக்கத்திலிருந்து, புகை கசிந்து மேலே ஏறுவதைக் குனிந்து பார்த்தேன்.

புகை ரத்தத்தில் என்ன செய்யும் என்று தெரிந்து வேலை பார்க்கிறவள் நான். பத்து நாளும் ஒரு மெக்கானிக்கின் யோக்கியதையை ஆராய்ந்துகொண்டிருந்தேனே தவிர, என் தலைவலியை ஆராயவில்லை. நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன்.

விடுமுறை நாளில் திண்டிவனம் கடைக்கே போனேன். அப்போதும் சந்தேகம் போகவில்லை. "முடியற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்" என்றேன். குழிப் படியில் இறங்கி, பைப், கன்வெர்ட்டர், சைலன்சர் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தேன். மெக்கானிக் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்காமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டார்.

துருப்பிடித்த போல்ட்டுகள் அசையவில்லை. எண்ணெய் அடித்து ஊறவிட்டார், நெருப்பு காட்டிச் சூடேற்றினார், இரண்டைக் கிரைண்டரால் அறுத்தே எடுத்தார். கழற்றியதை எல்லாம் என் காலடியில் ஒரு சாக்கை விரித்து வரிசையாக வைத்தார். பின்பக்கப் பைப் கையில் எடுத்ததும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. கடைசியாகக் கன்வெர்ட்டர். அதைக் கழற்றிய கையோடு அப்படியே நின்றார்.

"அக்கா, இதைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க."

வாங்கினேன். தகர டப்பா மாதிரி லேசாக இருந்தது. ஒரு முனையில் கண்ணை வைத்தால் மறுமுனையில் ரோடு தெரிந்தது.

"உள்ள தேன்கூடு மாதிரி ஒண்ணு இருக்கணும். யாரோ இடிச்சு எடுத்திருக்காங்க." மேல் பக்கத்தில் அறுத்துத் திரும்பப் பற்ற வைத்திருந்த தழும்பைக் காட்டினார். "நான் பண்ணதுன்னு நெனைச்சுடாதீங்க."

நினைக்க வழியில்லை. அந்தத் தழும்பும் பைப்பைப் போலவே துரு ஏறிக் கிடந்தது. பல வருடத்து வேலை. விழுப்புரத்துக்காரர் செய்ததாகவும் இருக்க முடியாது.

கை முழுக்கக் கரி. போனை ஸ்பீக்கரில் போட்டு அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, வண்டி கன்வெர்ட்டர்ல உள்ள ஒண்ணுமே இல்ல."

"அந்த மெக்கானிக்தான் எடுத்திருப்பான். அவனுங்கள நம்பாத. பேஜாரு புடிச்ச பசங்க" என்றான்.

மெக்கானிக் அறுத்த போல்ட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. காலையில் நான் மனதுக்குள் சொன்னதைத்தான் அண்ணன் வாய்விட்டுச் சொன்னான். நான் போனை அணைத்தேன்.

புதுக் கன்வெர்ட்டர் சென்னையிலிருந்து வர இரண்டு நாள் ஆகும் என்றார். சாவியை அவரிடமே கொடுத்துவிட்டு ஆட்டோவில் வந்தேன். ஆனால் கிளம்பும் முன் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். காரை எடுக்கப் போன அன்று அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நீங்க புடிச்ச போட்டோவ எனக்கும் அனுப்பி வுடுங்கக்கா. அடுத்து வர்றவங்ககிட்ட காட்டி, கழட்டறதுக்கு முன்னாடி இப்படிப் படம் புடிச்சுக்கச் சொல்வேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். ஓட்டிப் பார்க்கலாம் என்று பெருமுக்கல் பக்கம் கூட்டிப்போனான். வண்டி சத்தமில்லாமல் போனது. பாதி வழியில், ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நான்தாம்மா எடுக்கச் சொன்னேன். வண்டி இழுக்கல. உள்ள கரி அடைச்சுக்கினு இருக்கு, புதுசு போடணும்னான் ஒருத்தன். இன்னொருத்தன் இடிச்சு எடுத்துட்டா ஓடும்னான். கை வைக்கவே இல்லன்னு உங்கிட்ட சொல்லிட்டேனா, அப்பால எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"அந்த ஆளு பக்கத்துலயே இருந்தாரு. நீ சொன்னது அத்தனையும் கேட்டுச்சு."

எனக்கு ஆத்திரமாக வந்தது. வெல்டிங் கடை வரை போய் ஊரையே சந்தேகப்பட்ட நான், சாவி கொடுத்தவனைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை.

திரும்பும்போது அவனே புறவழிச் சாலைக் கொட்டகை முன்னால் வண்டியை நிறுத்தினான். இறங்கிப் போய் மெக்கானிக்கிடம் ஏதோ பேசினான். நான் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். இருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை.

"இன்னா சொன்ன?" என்றேன், அவன் வந்து ஏறியதும்.

"என் வண்டியையும் ஒரு வாட்டி பாக்கச் சொன்னேன்."

மன்னிப்புக் கேட்டானா என்பது மெக்கானிக்கிடம் விசாரித்தால் தெரிந்துவிடும். இதுவரை விசாரிக்கவில்லை.