பின்னால் வரும் தொரையைக் காட்டும் கண்ணாடி

எங்கள் தேயிலைத் தோட்டத்து ரோட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பின்னால், தோட்டத்தை ஆளுகிற வெள்ளைக்காரத் தொரையின் கார் வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்க வேண்டும். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரமாக நின்று, கார் கடந்து போகும்வரை தரையைப் பார்க்க வேண்டும். தொரை முகத்தைப் பார்க்கக் கூடாது. இது யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. எழுதி வைத்திருந்தால் கிழித்தாவது போட்டிருக்கலாம்.

இறங்காமல் மாட்டிக்கொண்டவன் சொல்ல ஒரு பதில் உண்டு. "பின்னாடி வந்தது தெரியலீங்க தொரை." தொரையும் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விடுவார். அது பொய்யென்று இரண்டு பேருக்குமே தெரியும். அந்தப் பதிலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் அப்போது தேயிலை ஸ்டோரில் வேலை செய்தேன். கொழுந்து அரைக்கும் மெஷின்களுக்கு எண்ணெய் விடுவது, பெல்ட் மாட்டுவது, அறுந்தால் தைப்பது. கல்யாணமான புதிது. தலவாக்கலையில் ஒரு கராஜின் பின்பக்கம் புல் முளைத்துக் கிடந்த இங்கிலாந்து மோட்டார் சைக்கிளை வாங்கித் தள்ளிக்கொண்டே, நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்து சேர்ந்தேன். வண்டி என்னைவிட மூத்தது. "கூலிக்காரனுக்கு மோட்டார் சைக்கிள் ஒரு கேடா" என்று என் காதில் விழும்படியே பேசினார்கள். கேடுதான் என்று நானும் சத்தமாகவே சொன்னேன்.

எஞ்சின் சீக்கிரமே உயிர் பிடித்துவிட்டது. ஹேண்டில்தான் மொட்டையாக நின்றது. அந்தக் காலத்து வண்டிக்கு எல்லாம் கையில்தான். வலது பக்கம் பிரேக் லீவர், அதற்கு மேலே கட்டைவிரலால் தள்ளுகிற சின்ன லீவர்கள், ஒன்று பெட்ரோலுக்கு, மற்றது காற்றுக்கு. இடது பக்கம் கிளச்சு, அதற்கு மேலே தீப்பொறியை முன்னே பின்னே நகர்த்த இன்னொன்று. பழைய இரும்புக் கடையில் பொறுக்கி எடுத்ததில் ஒன்றுக்கு ஒன்று ஜோடி சேரவில்லை. சேர்த்தேன். லீவர் இழுக்கிற வயரின் நுனியைப் பிரித்து விரித்து, ஈயம் உருக்கி ஊற்றிக் குமிழ் வார்த்தேன். முதல் குமிழ் கையோடு வந்தது. அடுத்தது நின்றது.

அழகாக இருக்கட்டும் என்று வயரையெல்லாம் ஹேண்டிலோடு இழுத்துக் கட்டினேன். அதுதான் வினையாகிவிட்டது. முதல் வளைவில் ஹேண்டிலைத் திருப்பினேன், பெட்ரோல் வயர் இழுபட்டு எஞ்சின் தானாகக் கத்திக்கொண்டு பாய்ந்தது, நானும் வண்டியும் தேயிலைக்குள் கிடந்தோம். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு குலுங்கிச் சிரித்தார்கள். "அண்ணே, நீங்களும் கொழுந்து பறிக்க வந்துட்டீங்களா? நெரையில நில்லுங்க" என்றாள் ஒருத்தி. வயருக்குக் கொஞ்சம் தொய்வு விட்டுக் கட்டியதும் சரியாகிவிட்டது.

அடுத்து கண்ணாடி. அந்த வண்டிக்குக் கண்ணாடியே கிடையாது. செய்தவன் வைக்கவில்லை, நான் வைத்தேன். வலது பக்கத்துக்கு உடைந்த லொறி ஒன்றின் கண்ணாடி கிடைத்தது. இடது பக்கத்துக்கு என் மனைவியின் வட்டக் கண்ணாடியை எடுத்துத் தகரப் பட்டை போட்டு முறுக்கினேன்.

"ஏங்க, இனிமே நான் பொட்டு வைக்க வண்டிகிட்டயா வரணும்?" என்றாள்.

"வா. பெட்ரோல் கேக்காது."

ஓடும்போது கண்ணாடி நடுங்கி எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. டியூப் ரப்பரை வெட்டி அடியில் கொடுத்தேன். அப்புறம்தான் பின்னால் வருவது மாடா லொறியா என்று பிடிபட்டது.

கண்டாக்கு ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். மலையில் வேலையை மேற்பார்க்கிறவர், மோசமான மனிதரில்லை. கண்ணாடியைப் பார்த்ததும் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

"உனக்கென்ன விசரே? உந்தக் கண்ணாடியைக் கழட்டு."

"ஏங்கய்யா?"

"தொரை பின்னாலை வந்தது தெரியேல்லை எண்டு இனி நீ சொல்லேலாது. தெரியாமல் போனால் பிழையில்லை. பாத்துக்கொண்டே இறங்காமல் போனால் அது திமிர்."

"அதுக்குத்தாங்கய்யா வச்சேன்" என்றேன்.

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

விஷயம் தொரை காதுக்குப் போயிற்று. காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். ஆணும் பெண்ணுமாகத் தோட்டமே நின்றது. தொரை நேராக என்னிடமே பேசினார், தனக்குத் தெரிந்த தமிழில்.

"கூலிக்காரன் பின்னாலே பாக்க வேணாம். கண்ணாடி எடு."

நான் தரையைப் பார்த்தபடியே சொன்னேன். "காரு வந்தா ஒதுங்கி வழி விடத்தாங்க தொரை கண்ணாடி. எறங்குறதுக்கு இல்ல."

பின்னால் யாரோ இருமினார்கள். தொரை கண்டாக்கு ஐயாவிடம் இங்கிலீஷில் சீறிவிட்டுத் திரும்பிக்கொண்டார். ஐயா தமிழில் சொன்னார். ஸ்டோர் வேலை போய்விட்டது, நாளையிலிருந்து மலையில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்ட வேண்டும். கண்ணாடியோடு தோட்டத்து ரோட்டில் ஓடினால் பத்துச்சீட்டு. பத்துச்சீட்டு என்றால் வேலை மட்டுமில்லை, லயத்துக் காம்பராவும் போய்விடும்.

சாயந்திரம் திருப்புளியைக் கையில் எடுத்தேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அந்தக் காம்பரா பொந்து மாதிரிதான் இருந்தது, ஆனாலும் எங்களுக்கென்று இருந்த கூரை அது ஒன்றுதான். மனைவி அடுப்பு ஊதிக்கொண்டே கேட்டாள்.

"கழட்டப் போறீங்களா?"

நான் பட்டையின் திருகில் திருப்புளியை வைத்தேன்.

"கழட்டுனா என் கண்ணாடிய எங்கிட்டக் குடுக்காதீங்க. அதுல நான் இனிமே மூஞ்சி பாக்க மாட்டேன்."

திருப்புளியால் இரண்டு பக்கத்துப் பட்டையையும் இன்னும் இறுக்கினேன்.

பத்துச்சீட்டு மறுநாள் மத்தியானமே வந்துவிட்டது. இதை மறைத்து வைத்துச் சொல்ல நான் கதைக்காரனில்லை. தட்டுமுட்டுச் சாமானோடு கினிகத்தேனை டவுனுக்கு இறங்கினோம், அங்கே ஒரு கராஜில் சேர்ந்தேன், கொஞ்ச காலம் கஷ்டப்பட்டோம். அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. ஏனென்றால் பத்துச்சீட்டு வந்த அன்று காலைக்கு அதெல்லாம் ஈடாகாது.

கவ்வாத்துக் கத்தியை இடுப்பில் சொருகிக்கொண்டு, தலைத்துண்டோடு வண்டியில் மலைக்கு ஏறிக்கொண்டிருந்தேன். அந்த வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போன ஆள் எங்கள் தோட்டத்தில் நான் ஒருவன்தான். பனி கலைகிற நேரம். வலது கண்ணாடியில் கார் தெரிந்தது. ஹார்ன் அடித்தது. கொழுந்துக்காரப் பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒதுங்கினேன், பெட்ரோல் லீவரைக் குறைத்தேன், கையை நீட்டி வழி காட்டினேன். அவர் போகவில்லை. ஹார்னை அழுத்திக்கொண்டே முதுகோடு ஒட்டி வந்தார். நான் இறங்குவேன் என்று காத்திருந்தார்.

அப்போதுதான் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். அத்தனை வருஷத்தில் அந்த முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வெயிலில் தோலுரிந்த மூக்கு. வாய் ஏதோ திட்டிக்கொண்டிருந்தது. வயசாகிக்கொண்டு வருகிற ஒரு ஆள், அவ்வளவுதான். இந்த முகத்துக்கா இத்தனை பேர் இத்தனை காலம் தரையைப் பார்த்தோம் என்று எனக்கு ஆத்திரமும் சிரிப்புமாக வந்தது. வளைவு வரைக்கும் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

கடைசியில் அவரேதான் ஸ்டியரிங்கை ஒடித்து என்னைக் கடந்து போனார். அவர் காருக்குள்ளும் பின்னால் பார்க்க ஒரு கண்ணாடி உண்டு. அதில் நான் தெரிந்திருப்பேன், தலைத்துண்டோடு, உட்கார்ந்தபடி.